அம்மாவின் முறை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் மச்சானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்று இரண்டு பேருக்குமே நினைவிருப்பதில்லை. அதனால் இனிமேல் மெயிலில்தான் எழுதப்போகிறேன். நீயும் எழுது. "ஓகேடா" என்று ஒற்றை வார்த்தையில் அனுப்பினால் கெட்ட கோபம் வரும்.

பக்கவாதம் வந்து ஆறு மாதமாகியும் அம்மா அப்படியேதான் இருக்கிறாள். வலது கை மடியில் கிடக்கிறது. நடை பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை தானே போகிறாள். பேச்சுதான் அந்த ஒரே வார்த்தையில் நிற்கிறது. சாப்பிடுறியாம்மா என்றால் சரி. போதுமா என்றால் சரி. வெளியே மழை என்றால் சரி, சரி. தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் ஒருத்தருக்கும் சட்டென்று சரி சொல்லாதவள். அப்போது லீவு கேட்டு அலைந்த வாத்தியார்கள் இப்போது வந்தால் ஆளுக்கொரு மாதம் வாங்கிப் போகலாம்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் பந்து, பூனை, ஆப்பிள் என்று படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினாள். அம்மா இடது கையால் ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பூனையை நான்தான் பொறுக்கினேன். டாக்டரிடம் சொன்னதற்கு, "புரியாத எரிச்சல்தான். மூணு வயசுக் குழந்தைன்னு வெச்சுக்குங்க" என்றார். அம்மாவுக்குப் புரிந்து கையெழுத்துப் போடும் நிலை இல்லை என்று சான்றிதழ் தருவதாகவும் சொல்லிவிட்டார். வீட்டை வாங்குகிறவர் மார்ச் முடிவதற்குள் பத்திரம் பதிய வேண்டும் என்கிறார். முதியோர் இல்லத்தில் அறை பேசி வைத்தாயிற்று. ஜன்னல் உள்ள அறை.

இதை எழுத உட்காரவில்லை. சாமான் கட்டும்போது அம்மாவின் மேசை இழுப்பறையில் அந்த சிடி கிடைத்தது. கப்பலும் கோட்டையும் படம் போட்ட போர் விளையாட்டு. பரீட்சை முடியட்டும் என்று என்னிடமிருந்து பிடுங்கி வைத்தாளே, அதுதான். பரீட்சை முடிந்து, கல்லூரி முடிந்து, எனக்கு முடி கொட்டியும் திருப்பித் தரவில்லை. சுற்றறிக்கை அடிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்வாள், உள்ளேயிருந்து பீரங்கிச் சத்தம் கேட்கும். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதோடு அதுவும் நின்றுபோனது.

உடைசலோடு சேர்த்துப் போடப் போனேன். அம்மா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். சாப்பிடும்போதுகூட மடியிலிருந்து எடுக்கவில்லை. என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. கிழட்டு மெஷின்களை ஓடவைப்பதுதானே உனக்குச் சம்பளம் தருகிற வேலை? ஏதாவது வழி இருந்தால் எழுது.

அன்புடன்,
உன் தம்பி

---

பிப்ரவரி 9

அன்புத் தம்பி சோடாபுட்டிக்கு,

கண்ணாடிக் கடைக்காரனை இப்படிக் கூப்பிடக் கூடாதுதான், ஆனால் பழகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் பீரங்கிச் சத்தம் கேட்டது. ஆபீஸில் தனியாகச் சிரித்தேன்.

வெளியே மாட்டுகிற சிடி டிரைவ் ஒன்று வாங்கு. சிடியை அப்படியே நிறுவப் பார்க்காதே, உன் லேப்டாப் கையை விரித்துவிடும். அந்தக் காலத்து விளையாட்டுக்கு அந்தக் காலத்து கம்ப்யூட்டர்தான் வேண்டும். பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான். அதை உன் லேப்டாப்பில் போட்டு, அதற்குள் விளையாட்டை ஓடவிட வேண்டும். இணைப்பு கீழே இருக்கிறது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் மெஷின் இந்த வித்தையில்தான் இன்னும் ஓடுகிறது. டாக்டர்கள் புது மெஷின் கேட்கிறார்கள், நிர்வாகம் என்னைக் காட்டுகிறது.

ஆனால் அதிகம் எதிர்பார்க்காதே. படம் அசைவதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், அவ்வளவுதான். பார்க்கட்டும். அன்றைக்குச் சொன்னதைத்தான் திரும்பவும் சொல்கிறேன். நம் அம்மா ஏற்கெனவே போய்விட்டாள்டா, உடம்பு மட்டும்தான் இருக்கிறது. அதை நன்றாகப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். நீ ஒருவனே எத்தனை நாள் மாரடிப்பாய்? வீட்டு விஷயத்தில் மனசு மாறிவிடாதே.

அக்கா

---

பிப்ரவரி 15

அக்கா,

உன் மென்பொருள் நன்றாகவே நடிக்கிறது, ஓவராக நடிக்கிறது.

முதலில் விளையாட்டு திரையின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு வந்தது. என் கடையில் இருப்பதிலேயே தடித்த லென்ஸைப் போட்டாலும் தெரியாது. நானாக எதையோ மாற்றினேன். பெரிதானது, ஆனால் கடல் ஊதா, காடு ரோஸ், மனிதர்கள் எல்லாம் பச்சை. அதைச் சரிசெய்தால் வேகம் பிடித்துக்கொண்டது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் நாற்பது வருஷம் ஓடி, தலைநகரம் எரிந்து, ராஜா செத்து, மறுபடி ஆடலாமா என்று கேட்கிறது.

அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். தலைநகரம் எரிந்தபோது இடது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பயந்துவிட்டாளோ என்று மூடிவிட்டேன். மூடியதற்கு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பத்தாவதில் கணக்கில் வாங்கிய மார்க்கைக் காட்டியபோது பார்த்த அதே பார்வை.

என்ன செய்ய? சீக்கிரம் எழுது.

தம்பி

---

பிப்ரவரி 17

தம்பிக்கு,

வேகத்துக்குக் காரணம் இதுதான். அந்தக் காலத்து விளையாட்டுகள் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகத் தாங்களும் ஓடும். உன் லேப்டாப் பழையதைவிடப் பல நூறு மடங்கு வேகம். கடிவாளம் போட வேண்டும். எல்லா அளவுகளையும் நானே எழுதி ஒரு ஃபைலாக இணைத்திருக்கிறேன். பழைய ஃபைலை எடுத்துவிட்டு இதை அந்த இடத்தில் வை. நிறமும் திரையும் இதிலேயே சரியாகிவிடும். மவுஸை இடது கைக்கு மாற்றக் கற்றுக்கொடு. எளிதான நிலையிலேயே வைத்துவிடு, தோற்று எரிச்சல்பட வேண்டாம்.

சான்றிதழ் வந்துவிட்டதா? ஸ்கேன் செய்து அனுப்பு.

அக்கா

---

பிப்ரவரி 21

அக்கா,

கோர்வையாக எழுத வருமா என்று தெரியவில்லை.

காலையில் உன் ஃபைலைப் போட்டேன். கடல் நீலமாக வந்தது, கப்பல் நிதானமாக நகர்ந்தது, அந்தப் பழைய பாட்டுக்கூட வந்தது. எளிதான நிலையில் வைத்து, அம்மாவின் இடது கையை மவுஸ் மேல் வைத்து, "இப்படி நகர்த்தும்மா, இப்படி அமுக்கு" என்று மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். சரி, சரி என்றாள். என் கையைத் தள்ளிவிட்டாள். திரையிலிருந்த மவுஸ் அம்பை மெதுவாக மேலே கொண்டுபோனாள். நான் தொடங்கிவைத்த ஆட்டத்தை மூடினாள். நிலையை மாற்றுகிற இடத்துக்குத் தானே போய், ஒவ்வொன்றாகத் தாண்டி, ஆகக் கடினமானதில் வைத்தாள்.

தெரியாமல் கைபட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

வடக்கே இருந்த வெள்ளைக்காரக் கப்பல்காரர்களோடு முதலில் சமாதானம் செய்துகொண்டாள். தானியத்தைச் சேர்த்தாள். மலைக்கணவாயில் மட்டும் சுவர் கட்டினாள், வேறெங்கும் கட்டவில்லை. ஏன் அங்கே மட்டும் என்று எனக்குப் புரியவில்லை. எதிரி படை வந்தபோது அந்தக் கணவாய் வழியாகத்தான் வந்தது. அது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்போது இவள் கடல் வழியாகப் போய் அவர்கள் ஊரைப் பிடித்துவிட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் துணி மடித்துக்கொண்டிருந்தவள், "என்ன சார், அம்மா ஜெயிக்கிறாங்களா?" என்றாள். மதியம் வரை ஆடினாள். ஒரு தவறுகூட இல்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பாய். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கப் போனவன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். அக்கா, இவளுக்குப் புரிகிறது. அப்படியானால் எப்போதிலிருந்து?

நாம் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிய நாளை நினைத்துப் பார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பேசினேன். நீ உடம்பு மட்டும்தான் இருக்கிறது என்றாய். நான், "ஆமா, ஒரு பொருளைப் பாத்துக்கற மாதிரிதான் பாத்துக்கறேன்" என்றேன். அப்போது அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். விழுங்க முடியவில்லை போல என்று சொல்லி நாம் அடுத்த நாளிலிருந்து எல்லாவற்றையும் அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தோம்.

சான்றிதழ் மேசை மேல் இருக்கிறது. ஸ்கேன் செய்யவில்லை.

தம்பி

---

பிப்ரவரி 22

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

பதறாதே. இது கைப்பழக்கமாக இருக்கலாம். எத்தனை வருஷம் ஆடியிருக்கிறாள். பேச்சு போனவர்கள் பழைய பாட்டை முழுதாகப் பாடுவார்களாம், அர்த்தம் தெரிந்தா பாடுகிறார்கள்? அதுபோல இருக்கலாம். இருக்க வேண்டும். ஆறு மாதமாக அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள் என்றால் நான் என்ன மனுஷி?

ஒன்று செய்வோம். அந்த விளையாட்டில் தானாக ஓடிக்கொண்டே இருக்கிற ஆட்டம் தவிர, இரண்டு பேர் மாறி மாறி ஆடுகிற வகையும் இருக்கிறது. ஒருவர் தன் முறையை ஆடி சேவ் செய்து, அந்த ஃபைலை மற்றவருக்கு அனுப்ப வேண்டும். என் கம்ப்யூட்டரிலும் ஏற்றியாயிற்று. அவள் பார்த்தே இராத புது வரைபடம் எடுத்திருக்கிறேன். நான் மெஷின் இல்லை, என் ஆட்டம் அவளுக்கு மனப்பாடமாக இருக்க முடியாது. யாரோடு ஆடுகிறோம் என்று சொல்லாதே. என் முதல் முறையை இணைத்திருக்கிறேன்.

அக்கா

---

மார்ச் 2

அக்கா,

இந்த ஒரு வாரம் போய் வந்த ஃபைல்களைப் பார்த்திருப்பாய். கைப்பழக்கம் என்று இன்னமும் சொல்வாயா? பயிற்சி தரும் பெண்ணை வரவழைத்து ஆட்டத்தைக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தாள். பிறகு, "வார்த்தை மட்டும்தாங்க போயிருக்கு. புத்தி அப்படியே இருக்கு. நான் இவங்ககிட்ட பூனை படம் காட்டினேனே" என்றாள்.

இன்றைக்கு நடந்ததைக் கேள். உன் முறையில் நீ அம்மாவின் தலைநகரத்தைக் கேட்டு ஓலை அனுப்பியிருந்தாய். விளையாட்டுக்காகத்தான் கேட்டிருப்பாய். திரையில் தூதன் வந்து நின்றான். கீழே இரண்டு படங்கள். ஏற்பதற்குக் கைகுலுக்கும் படம், மறுப்பதற்குக் குறுக்கே வைத்த இரண்டு வாள். நான் சும்மா, "என்னம்மா, தலைநகரத்தைக் குடுத்துடலாமா?" என்றேன்.

"சரி, சரி" என்றாள். சொல்லிக்கொண்டே வாள்களை அமுக்கினாள்.

எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடியும் சரி என்றாள், தலையை இல்லை என்று ஆட்ட முயன்றாள், அதுவும் பாதியில் குழம்பி நின்றது. கண்ணில் தண்ணீர். அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு வாயில் வருவது அந்த வார்த்தை மட்டும்தான். வேண்டாம் என்று நினைத்தாலும் வாய் சரி என்றுதான் சொல்லும்.

அவளிடம் கேட்காமல் நாம் எதையும் செய்யவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோமே. "வீட்டை வித்துடலாமாம்மா?" என்று கேட்டேனே, சரி சரி என்றாளே. "அம்மாவே சொல்லிட்டாங்க" என்று உனக்கு நான்தானே போன் செய்தேன்?

அந்த இரண்டு படங்களையும் பெரிதாக அச்செடுத்து ஓர் அட்டையில் ஒட்டினேன். முதலில் சோதித்துப் பார்த்தேன். காபி வேணுமா என்றேன், கைகுலுக்கலைத் தொட்டாள். நான் உன் மகளா என்றேன், வாளைத் தொட்டுவிட்டு, என்னடா கேள்வி என்பதுபோல் முறைத்தாள். பிறகு கேட்டேன்.

வீட்டை விக்கலாமா? வாள்.

இல்லத்துக்குப் போறியா? வாள்.

அரைச்சுக் குடுக்கற சாப்பாடு வேணுமா? வாள்களின் மேல் இரண்டு முறை தட்டினாள்.

வாங்குகிறவரிடம் வியாபாரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தினார், கத்தட்டும். சான்றிதழைக் கிழித்தேன். கிழித்ததை அம்மா பார்த்தாள்.

தம்பி

---

மார்ச் 3

தம்பி,

சரியாகத்தான் செய்திருக்கிறாய். வீட்டை விற்கச் சொல்லி இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இரண்டு கேள்வி மட்டும் கேள். நான் ஸ்பீக்கரில் சொன்னது அவளுக்குக் கேட்டதா? நான் இப்போது புறப்பட்டு வரட்டுமா? லீவு கேட்டுவிட்டேன், டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். கேட்டதும் எழுது. எதுவானாலும் மறைக்காதே.

அக்கா

---

மார்ச் 5

அக்கா,

மறைக்காதே என்று எழுதிவிட்டாய். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குக் கைகுலுக்கல். கேட்டிருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வாள். அவளுக்குக் கேள்வி புரியவில்லையோ என்று வேறு மாதிரி கேட்டேன். "அக்கா உன்னைப் பாக்க வரணுமாம், வரச் சொல்லவா?" வாள். மறுநாள் காலையில் அவள் நல்ல மனநிலையில் இருந்தபோது மறுபடி கேட்டேன். கேள்வியை முடிக்கும் முன்பே வாளைத் தொட்டுவிட்டாள்.

உன்னோடுதான் ஆடுகிறாள் என்பதையும் சொன்னேன். அதன் பிறகு லேப்டாப்பைத் திறக்கவில்லை.

என் மேலும் கோபம் இருக்கத்தான் செய்யும். என்னிடம் காட்ட முடியவில்லை, தினமும் குளிப்பாட்டுவது நான்தானே. ஏன் என்று கேட்க ஆசைதான். ஏன் என்பதற்கு அந்த அட்டையில் படம் இல்லை.

வருத்தப்படாதே என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

தம்பி

---

மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கு உடம்பு சரியில்லாமல் போனபிறகு உன்னைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. தம்பி நிதானமாகப் படிப்பான். வேகமாகப் படித்தால் அவன் சட்டையைப் பிடித்து இழு.

நீ கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீ போய்விட்டாய் என்று சொன்னேன். உனக்குப் புரியாது என்று நினைத்ததால் சொல்லிவிட்டேன் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தேன், சகிக்கவில்லை. புரியாதவர்கள் முன்னால் மட்டும் அப்படிச் சொல்லலாமா என்று நீயே கேட்பாய். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசிய ஒரு டீச்சரை நீ எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தாய்.

நீ வேண்டாம் என்றதைத் தம்பி எழுதியபோது, அம்மாவுக்குக் கோபம், நேரில் போய் நின்றால் இளகிவிடுவாள் என்று நினைத்துப் பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். பெட்டியைப் பூட்டும்போதுதான் உறைத்தது. நீ ஒன்று சொல்ல, அம்மாவுக்குத் தெரியாது என்று நான் வேறொன்றைச் செய்வது மறுபடியும் அதே கதைதானே? டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். நீ வரச் சொன்னால்தான் வருவேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால், உன் முன்னால் அந்த அட்டையை வைத்து இவன் பதில் கேட்பான். அந்தச் சங்கடம் உனக்கு வேண்டாம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள். என் மனசில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

ஆட்டம் பாதியில் நிற்கிறது. இப்போது உன் முறை. ஆட வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் உன் இஷ்டம்.

நீ பெற்ற மகள்

---

மார்ச் 16

அக்கா,

கடிதம் வந்த அன்றே அச்செடுத்துப் படித்துக் காட்டினேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் காகிதத்தை விரலால் தட்டினாள். மறுபடி படித்தேன். அந்த டீச்சர் வருகிற இடத்தில் வாயோரம் லேசாகக் கோணியது. படித்து முடித்து அட்டையை எடுத்து முன்னால் வைத்தேன். அதை மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் அறைக்குப் போய்விட்டாள். நாலைந்து நாள் அப்படியே போனது. நானும் கேட்கவில்லை.

நேற்று நான் கடையிலிருந்து வந்தபோது லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் போட வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணும் எப்படியோ தடவித் தடவிப் போட்டுவிட்டாள். அம்மா உன் ஆட்டத்தில் உள்ள ஒவ்வோர் ஊரையும் பொறுமையாகத் திறந்து பார்த்தாள். பிறகு ஆட்டத்தின் தொடக்கத்தில் உன்னோடு செய்திருந்த சமாதானத்தை முறித்தாள். உன் கப்பல்கள் மொத்தமும் தென்கரையில் நிற்கின்றன, காவலே போடவில்லை நீ. சுற்றி வளைத்து எரித்துவிட்டாள் அக்கா. துறைமுகமும் போயிற்று. கடைசிக் கப்பல் மூழ்கும்போது அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு முடியாமல் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரிக்கிறாளே என்று நம்பி, "அக்காவை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. வாளைத்தான் தொட்டாள். அதை உனக்கு எழுதாமல் விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஆனால் தொட்ட கையோடு லேப்டாப்பை என் பக்கம் தள்ளி, ஃபைலைக் காட்டினாள். நான் மெயிலில் இணைத்து அனுப்பி முடிக்கும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்று காலையிலிருந்து உன்னிடமிருந்து பதில் வந்ததா என்று பார்க்கச் சொல்லி இதுவரை ஏழெட்டுத் தடவை என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். கடைக்குப் போகவிடவில்லை. இப்போதும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சீக்கிரம் ஆடி அனுப்பு. விட்டுக்கொடுத்து மட்டும் ஆடாதே, கண்டுபிடித்துவிடுவாள்.

உன் தம்பி